பதினஞ்சாவது ஆள்

— சட்டையைக் கழட்டு முதல்ல. எங்க டீம் சட்டை அது.

— கழட்டுறேன்ப்பா. தோளைத் தூக்க முடியல. கொஞ்சம் பிடிச்சு இழுங்க.

— உங்க கேப்டனைக் கூப்பிடு, அவர் இழுப்பாரு. உன்னை எங்களுக்குக் கடன் குடுத்த மகராசன் அவர்தானே.

— நீங்க பதினாலு பேர்தான் வந்தீங்க. ஆள் குறைஞ்சா எதிர் டீம் ஒருத்தரைக் குடுக்கிறது ரக்பியில வழக்கம்தானேப்பா. நீங்களும் குடுத்திருக்கீங்க.

— குடுத்திருக்கேன். யாரைக் குடுப்பேன்? நல்லா ஓடுறவனையா? எவன் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணோ, அவனைத்தான் தள்ளிவிடுவேன். எல்லா கேப்டனும் அப்படித்தான். இன்னைக்கு எல்லாரும் பார்க்க அவங்க தள்ளிவிட்டது என் மகனை. மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கிறதுன்னு தெரியல, போதுமா?

— அதான் கடைசி வரைக்கும் எனக்குப் பந்தே போடலையா?

— எப்படா போடல?

— ரெண்டாவது பாதியில ஓரத்துல தனியா நின்னேன். எதிர்ல ஒரு ஈ, காக்கா இல்ல. அப்பா, அப்பான்னு தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிப் பார்த்தீங்க. பார்த்துட்டு, பந்தோட மூணு தடியனுங்க நடுவுல போய் விழுந்தீங்க.

— வெட்கமா இருந்துச்சுடா. போதுமா? இந்த டீம் எப்படி வந்ததுன்னு தெரியுமா? பஸ் டிப்போ மெக்கானிக்குங்க ஷிப்ட் முடிஞ்சு, கிரீஸ் கையோட ஆரம்பிச்சது. சட்டைக்கு வழியில்லாம யூனிபார்மைப் போட்டுக்கிட்டே ஆடினாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு கோப்பை கிடையாது. ஆனா ஆள் இல்லன்னு ஒரு மேட்சைக்கூட விட்டதில்ல. ஒருத்தன் கல்யாணக் கோட்டோட வந்து ஆடினான்.

— அது நீங்கதான். அம்மா இன்னும் சொல்லிக் காட்டுறாங்க.

— அந்தப் பேரைக் காப்பாத்த இன்னைக்குக் கடன் ஆளு. அதுவும் நீ! இடிச்சா விழுந்துடுவான்னு நானே எங்க டீம்ல சேர்க்காத பிள்ளை. அங்க போயாவது உருப்படுவேன்னு நினைச்சேன். அவனுங்களும் உன்னைக் கழிச்சுக் கட்டுறானுங்க.

— எங்க டீம்ல அதிகமா பாயிண்ட் எடுக்கிறது யாருன்னு என்னைக்காவது விசாரிச்சீங்களா?

— எந்த மூஞ்சியோட விசாரிக்கிறது?

— நான்தான்ப்பா.

— நீயா?... பின்ன எதுக்குடா அந்த ஆளு உன்னை அனுப்பினான்?

— அவர் அனுப்பல. வேற ஒருத்தனைத்தான் போகச் சொன்னாரு. நான் போறேன்னு கையைத் தூக்கினேன். போனா அடுத்த வாரம் பைனல்ல உனக்கு இடமில்லன்னாரு. பரவாயில்லன்னுட்டு வந்தேன். உங்க பக்கம் நின்னு ஒரு மேட்ச் ஆடணும்னு ரொம்ப நாளா ஆசை. தோள் வலிக்குது, இப்பவாவது இழுங்கப்பா.