மஞ்சள் விளக்கு எரியாத வண்டி

சைலன்சர் மாற்ற வருகிறவர்கள் முதலில் கேட்பது சத்தத்தைத்தான் ஐயா. புகை எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. இருபத்தாறு வருஷம் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் சொல்கிறேன்.

என் மருமகனும் அப்படித்தான் வந்தார். ஏற்கெனவே இன்ஜினை முறுக்கேற்றி வைத்திருந்த கார்.

"மாமா, தெருவே திரும்பிப் பாக்கணும். ஆனா டேஷ்போர்டுல அந்த மஞ்ச விளக்கு மட்டும் கண்ணைத் திறக்கக் கூடாது."

"பின்னாடி இருக்கிற சைலன்சர் குடுவையை மட்டும் மாத்தினா விளக்கு எரியாது மாப்பிள்ளை. சத்தம் சுமாராத்தான் வரும். நடுவுல இருக்கிற புகை வடிகட்டியை எடுத்தா உறுமும். விளக்கும் எரியும்."

"உறுமட்டும். விளக்கை நீங்க தூங்க வைங்க. இல்லேன்னா எதுக்கு உங்க பொண்ணைக் கட்டினேன்?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தப் பொண்ணு மூன்று முறை என் வீட்டுக்கு ஓடி வந்தவள். மூன்றாவது முறை இடது கையைத் தூக்க முடியவில்லை. உங்கள் ஸ்டேஷன் ஆட்களிடம்தான் அழைத்துப் போனேன். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பேசினோம். சாயங்காலமே வந்து கூட்டிப் போய்விட்டார். அதற்குமேல் எனக்குத் தட்டக் கதவு இல்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வடிகட்டியை எடுத்தேன். சென்சாரை ஏமாற்ற அதன் அடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு வைத்தேன். விளக்கு எரியவில்லை. கேட்டதைச் செய்து கொடுத்தேன்.

எங்கள் வேலையில் கடைசியாக ஒரு சோதனை உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, பின்குழாயை ஈரத்துணியால் அடைத்துப் பிடிக்க வேண்டும். எங்காவது ஓட்டை இருந்தால் அந்த இடம் உஸ்ஸென்று மூச்சு விடும். சீட்டுக்கு நேர் கீழே, பற்றவைக்காமல் நான் விட்ட இணைப்பு மூச்சு விட்டது. அதற்கு மேலே வண்டியின் உள்தரையில் இருந்த ரப்பர் மூடியையும் நான்தான் கழற்றியிருந்தேன். துணியை எடுத்துப் பிழிந்து காயப்போட்டேன்.

"என்ன மாமா, சரியா இருக்கா?"

"கச்சிதமா இருக்கு மாப்பிள்ளை."

அந்த வண்டியில் கால் வைக்க மாட்டேன் என்று மகள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அந்த நம்பிக்கையில்தான் செய்தேன்.

நாலாம் நாள் மதியம் நல்ல மழை. மகளிடமிருந்து போன்.

"அப்பா, உங்களைப் பாக்கத்தான் வந்துட்டிருக்கோம். மழைக்கு ரோட்டோரமா நிறுத்தியிருக்கோம். ஏசிக்காக இன்ஜினை அணைக்கல."

"எந்த வண்டியிலம்மா?"

"இவரோட வண்டிதான். நீங்க கை வெச்ச வண்டியாச்சே, அதான் தைரியமா ஏறினேன். என்னவோ தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இவரு அதுக்குள்ள தூங்கியே போயிட்டாரு."

"ஜன்னல்?"

"சாத்தியிருக்கு. கொஞ்சம் இறக்கட்டுமா?"

இந்த இடத்தை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஜன்னலை இறக்கினால் அவருக்கும் காற்று வரும். கதவைத் திறந்தாலும் வரும். அவர் எழுந்துவிட்டால் அவள் திரும்ப அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவர் அவளுக்கு முன்னாலேயே அசந்துவிட்டார். இன்னும் பத்து நிமிஷம் போதும் என்று கணக்குப் போட்டேன். திடமான பொண்ணு. தாங்குவாள்.

"இறக்காதேம்மா, சாரல் அடிக்கும். கண்ணை மூடிக்கோ. பத்து நிமிஷத்துல அப்பா கூப்பிடுறேன். கூப்பிட்டதும் இறங்கிடு."

"சரிப்பா."

பட்டறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேறு எந்த வேலையும் தொடவில்லை.

அவரைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மகளையும் நான்தான் என்று இதில் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். சொன்னபடி சரியாகப் பத்தாவது நிமிஷம் கூப்பிட்டேன் ஐயா. அவள்தான் எடுக்கவில்லை.