குடை உறுப்பினரின் கடைசி வாக்கு

நான் தாமதமாக வரவில்லை. உங்கள் சுவர்க்கடிகாரம்தான் சற்று முந்தி ஓடுகிறது. குறையாகச் சொல்லவில்லை. அரசு அலுவலகத்தில் ஏதேனும் ஒன்று முந்தி ஓடுவது அபூர்வம்.

அவைச் செயலகம் எனக்குப் புதிய இடமன்று. இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், அவை நடவடிக்கைக் குறிப்பைச் செப்பம் செய்யும் பிரிவில்தான் என் தலை நரைத்தது. உறுப்பினர்கள் பேசியதை ஒலிப்பதிவிலிருந்து எழுதியெடுத்துத் தருவார்கள். எழுவாய் ஒரு திசையிலும் பயனிலை வேறொரு திசையிலும் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் கையைப் பிடித்து இழுத்து வந்து ஒரே வாக்கியத்தில் உட்கார வைப்பது என் பணி. சொல்லைத் திருத்தலாம், பொருளை மாற்றக்கூடாது என்பது பிரிவின் விதி. பணி ஓய்வு பெறும்வரை அதை மீறியதில்லை.

இனி, அழைத்த காரியத்திற்கு வருவோம். என் தங்கையின் கணவர், சென்ற மாதம் அவையில் தம் இருக்கையிலேயே காலமானார். அப்போது வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. பலகையில் அவர் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது. ஆனால், பக்கத்து இருக்கை அம்மையார், மணி ஒலிப்பதற்கு முன்பே அவர் மேசைமேல் சாய்ந்துவிட்டதாகவும், பொத்தானை அழுத்தியது அவரல்லர், உயிரற்ற உடலின் கனமே என்றும் கூறியிருக்கிறார். அவர் கூற்று உண்மையானால் அந்த வாக்கு செல்லாது. அதைப் பதிவிலிருந்து நீக்கிவிடுவீர்கள்.

அந்த வாக்கு செல்லும். எப்படிச் செல்லும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மாப்பிள்ளை மரச்சாமான் கடை வைத்திருந்தவர். கடைக்கு வந்தவர்கள் நாற்காலி வாங்குவதைவிட, அதில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவதே அதிகம். அவரும் விற்பதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டதில்லை. பெரிய கட்சிகள் இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்ட ஒரு தேர்தலில், சின்னக் கட்சி ஒன்று வேறு ஆள் கிடைக்காமல் இவரை நிறுத்தியது. வென்றுவிட்டார். முடிவு வந்த அன்று, "மச்சான், இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியை வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

முதலாண்டில் அவர் அவைக்குச் சென்றது குறைவு. வந்த நாளிலும் கையெழுத்துப் போட்டு, தம் கறுப்புக் குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு, தொகுதியிலிருந்து வந்த யாருக்காவது மருத்துவமனையில் படுக்கை வாங்கித் தரப் போய்விடுவார். ஊரில் ஒரு வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால், குழாய் பழுதுபார்ப்பவரைக் கூட்டிக்கொண்டு இவரே போய்த் திருகுசாவியை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பார். ஆண்டு முடிவில் ஒரு நாளிதழ் உறுப்பினர்களின் தேர்ச்சி அட்டை என்று ஒன்றை வெளியிட்டது. வருகை, வினாக்கள், விவாதம், வாக்களிப்பு எனக் கட்டம் கட்டமாக இருந்தது. எல்லாக் கட்டத்திலும் கடைசியில் மாப்பிள்ளை. அவர் படத்திற்குப் பதிலாக, காலி நாற்காலியில் தொங்கும் குடையைப் படம்பிடித்துப் போட்டிருந்தார்கள். 'குடை உறுப்பினர்' என்ற பெயரும் அன்றே நிலைத்துவிட்டது.

அவர் அந்தப் படத்தை வெட்டிச் சட்டமிட்டுக் கடையில் மாட்டினார். "குடையாவது ஒழுங்கா போய் உட்கார்ந்துச்சே, மச்சான். அதுக்கு ஒரு சம்பளம் போடச் சொல்லுங்க," என்று வயிறு குலுங்கச் சிரித்தார். கடையே சிரித்தது. என் தங்கையும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

வாழ்நாள் முழுவதும் அவைக்குறிப்பைப் பிழையறச் செய்தவன் நான். அந்தக் குறிப்பில் என் குடும்பத்துப் பெயருக்கு எதிரே ஓயாமல் 'வாக்களிக்கவில்லை, வாக்களிக்கவில்லை' என்று அச்சாகிறது. குழாயைச் சரிசெய்வதற்குத் தேர்ச்சி அட்டையில் கட்டம் கிடையாது என்பதை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். கட்டமில்லாத காரியத்தைச் செய்து என்ன பயன் என்றும் கேட்டேன். மறுநாளே என்னைத் தனிச்செயலராக வைத்துக்கொண்டார்.

அதன்பின் தொலைபேசி என்னிடம் இருந்தது. யார் அழைத்தாலும் அவை நடக்கிறது என்று சொல்லி வைத்துவிடுவேன். வினாக்களை நானே எழுதினேன். கலங்கரை விளக்கங்கள் எத்தனை, அவற்றுள் வண்ணம் பூசப்படாதவை எவை, பூசாமைக்குக் காரணம் யாது. எங்கள் தொகுதியில் கடல் இல்லை. ஆயினும் வினா வினாதானே. ஒருநாள் அமைச்சர் பொறுமையிழந்து, "மாண்புமிகு உறுப்பினருக்குக் கலங்கரை விளக்கத்தின்மேல் ஏன் இத்தனை பிரியம்?" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை எழுந்து நின்று, "எனக்கும் அதுதாங்க புரியலை," என்றார். அவை அதிர்ந்தது. அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று அச்சேறாதபடி நான் கீழ்த்தளத்திற்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒரேயொரு வினாவைத்தான் அவராகக் கேட்க விரும்பினார். "நம்ம ஊர் பஸ் ஆஸ்பத்திரி வாசல்ல ஏன் நிக்கிறதில்லைன்னு கேட்கணும் மச்சான். வயசானவங்க வெயில்ல நடக்கிறாங்க."

"அது நடத்துநரிடம் கேட்க வேண்டிய கேள்வி, மாப்பிள்ளை."

"நடத்துநர்கிட்ட கேட்டுட்டேன். மந்திரிகிட்ட கேட்கச் சொன்னார்."

அது ஏற்கப்படாது என்று எனக்குத் தெரியும். ஏற்கப்படாத வினா கணக்கில் சேராது. அந்த இடத்தில் கலங்கரை விளக்கத்தையே மறுபடி வைத்தேன்.

வாக்களிப்புத்தான் தலையானது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது கட்சிக் கொறடாவின் கவலை. ஏதாவதொரு பொத்தான் அழுந்தியதா என்பது என் கவலை. நான் பார்வையாளர் மாடத்தின் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வேன். அவர் கீழேயிருந்து, பள்ளிக்கூடத்துப் பையன் வெளியே போக அனுமதி கேட்பதுபோல, ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிப் பல்லைக் காட்டுவார். நான் தலையசைத்து மறுப்பேன். அது எங்கள் இருவருக்குள்ளும் வழக்கமான விளையாட்டு. அவருக்குப் பேத்தி பிறந்த அன்றும் அப்படித்தான் விரலைத் தூக்கினார். அளவைக் கருவிகள் சட்டத்தில் ஒரு திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்திருந்தது. குழந்தையைத் தொலைபேசியில் படமாகப் பார்த்துக்கொண்டார். படம் தெளிவாகவே இருந்தது.

அடுத்த தேர்ச்சி அட்டையில் அவர் முதல்வரிசைக்கு வந்துவிட்டார். குடை போய் முகம் வந்தது. என் தங்கை அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டே, "படம் நல்லா வந்திருக்குண்ணே. வெட்டி வச்சுக்கிறேன். வீட்டுல அவரைப் பார்க்கக் கிடைக்கிறது இதுதானே," என்றாள். அந்தப் பாராட்டு எனக்கு ஊக்கமளித்தது. ஆனால், அதே பக்கத்தின் அடியில், எந்த உறுப்பினரும் ஒரு கூட்டத்தொடரிலாவது எல்லா வாக்கெடுப்பிலும் பங்கேற்றதில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை என்னால் மறக்க முடியவில்லை. ஒரு தொடர், ஒரேயொரு தொடர், ஓட்டையில்லாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. சென்ற மாதம் முடிந்த தொடரை அதற்குத் தேர்ந்தெடுத்தேன்.

அதன் இறுதி வாரத்தில் அவருக்கு இடக்கை மரத்துப்போகத் தொடங்கியது. தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவியது. படியேறினால் மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். வாக்களிக்க இரு கைகளும் வேண்டும். இருக்கையின் இடப்பக்கம் ஒரு பொத்தான். மேசைமேல் பச்சை, சிவப்புப் பொத்தான்கள். முதல் மணியிலிருந்து அடுத்த மணிவரை இரண்டையும் ஒருசேர அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்து ஆளுக்கும் சேர்த்து யாரும் வாக்களித்துவிடாதபடி செய்த ஏற்பாடு. மூன்றாவது கை யாருக்கும் இல்லையல்லவா. நல்ல விதிதான். இரண்டாவது கையும் இல்லாமற்போகிறவனை அது எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகவே வீட்டில் பயிற்சி வைத்தேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுமூடிகளைக் கவிழ்த்து, இடப்பக்கமாக உடலைச் சாய்த்து முழங்கையால் ஒன்றை அமுக்கவும், வலக்கையால் மற்றொன்றை அழுத்தவும் பழக்கினேன். தலை ஏறக்குறைய மேசையைத் தொடும். பார்ப்பவர்களுக்கு மயங்கி விழுந்ததுபோலத்தான் தெரியும். பக்கத்து இருக்கை அம்மையாரின் பிழை எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

அப்போது தங்கை வந்து பார்த்தாள். "என்ன நடக்குது இங்க?"

"உங்கண்ணன் எனக்கு ஆர்மோனியம் சொல்லித் தர்றாரு," என்றார் மாப்பிள்ளை, தலையை நிமிர்த்தாமலே.

"முகமெல்லாம் வேர்த்திருக்கே. அண்ணே, இவரை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயேன். ஓட்டு எங்கயும் ஓடிப்போயிடாது."

ஓட்டு ஓடித்தான் போகும். மணி ஒலித்து முடிந்தால் திரும்பி வராது. இருந்தாலும் அவள் சொல்லைத் தட்டவில்லை. தெருமுனை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் கருவியை வைத்து இதயத்துடிப்பு வரைபடம் எடுத்தார். இதய மருத்துவரிடம் அனுப்பிக் கேட்டுச் சொல்வதாகக் கூறினார். மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தார். முன்பே சொன்னேனே, தொலைபேசி என்னிடம் இருந்தது.

"இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க சார். நடக்கக்கூட விடாதீங்க. ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். அன்றுதான் தொடரின் கடைசி நாள். ஒரு வாரியத்தின் பெயரை மாற்றும் மசோதா மட்டுமே பாக்கி. எதிர்ப்பவர் எவருமில்லை. எப்படியும் நிறைவேறிவிடும்.

மாப்பிள்ளை சட்டைப் பொத்தானை மாட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். "டாக்டர் என்ன சொன்னார் மச்சான்?"

"அடுத்த வாரம் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்," என்றேன்.

ஒரு வாக்கியம்தான், அதில் ஒரு சொல்லைத்தான் மாற்றினேன். பணியில் இருந்தபோது நாளொன்றுக்கு எத்தனையோ சொற்களை மாற்றியவன். அவர் முகம் தெளிந்தது. "அப்ப ஒண்ணும் பெருசா இருக்காது," என்றார். நான்தான் பொத்தான் மாட்டிவிட்டேன். வெயிலாக இருந்தது, குடையையும் எடுத்துக்கொண்டார்.

அவையில் பேச்சு நீண்டது. பெயர் மாற்றத்திற்கே இவ்வளவு பேசுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அதிலும் ஒருவர் ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடித்தார். கடைசியில் அவைத்தலைவர் வாக்கெடுப்பை அறிவித்தார். முதல் மணி ஒலித்தது. ஐயா, இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்: மணி ஒலித்த பிறகு, மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி மாடத்தைப் பார்த்தார். என்னைத் தேடினார். கண்டுகொண்டார். ஒற்றை விரலைத் தூக்கினார்.

அன்று அவர் பல்லைக் காட்டவில்லை. அது விளையாட்டன்று என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. எனக்குப் பின்னால் மருத்துவ உதவியாளர் நின்றிருந்தார். கையை உயர்த்தினால் போதும், கீழே ஆள் ஓடும். மாடத்தில் உட்கார்பவர்கள் அனைவருக்கும் அதைச் சொல்லித்தான் உட்கார வைக்கிறார்கள்.

நான் தலையசைத்து மறுத்தேன்.

அவர் சொல் தட்டாத மனிதர். கற்றுக்கொடுத்தபடியே இடப்பக்கம் சாய்ந்தார், முழங்கையை ஊன்றினார், வலக்கையால் பச்சையை அழுத்தினார். பலகையில் விளக்கு எரிந்தது. அடுத்த மணி ஒலிக்கும்வரை அது அணையவில்லை. நானும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எண்ணிக்கை அறிவிக்கப்பட்ட பிறகுதான் அவரைக் குனிந்து பார்த்தேன்.

ஆகையால் மணி ஒலித்தபோது அவருக்கு உயிர் இருந்தது, நினைவு இருந்தது, வலியும் இருந்தது. மூன்றுக்கும் நான் நேர்ச்சாட்சி. கனத்தால் அழுந்திய பொத்தான் அன்று அது. முழுமனத்தோடு அளித்த வாக்கு. இதைச் சொல்வதால் எனக்கு என்ன வரும் என்று நீங்கள் தயங்குவது தெரிகிறது. மருத்துவரை அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. எனக்கு வருவது எதுவாயினும் வரட்டும். அந்தக் கட்டம் காலியாகிவிடக்கூடாது.

குடை இன்னும் உங்கள் காவலர் அறையில் இருக்கிறது. கையோடு எடுத்துப்போய்த் தங்கையிடம் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். அவள் இப்போது என்னிடம் பேசுவதில்லை. இறுதிச் சடங்கு முடிந்த அன்று, "கடைசியா அவர் யாரைண்ணே பார்த்தார்?" என்று கேட்டாள். என்னைத்தான் என்றேன். "நீ என்ன சொன்ன?" என்றாள். அதையும் சொன்னேன், நான் அவளிடம் பொய் சொல்லிப் பழகியவனல்லன். அதோடு கதவைச் சாத்திக்கொண்டாள்.

துக்கம், வேறென்ன. வாக்கு செல்லும் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள்; கொண்டுபோய்க் காட்டுகிறேன். பேசிவிடுவாள்.