இரண்டாவது நபோர்

வீட்டு நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்ள அதிகச் சாமான் வேண்டாம், ஐயா. இலை அள்ள ஒரு வலை, பாசி தேய்க்க ஒரு பிரஷ், தண்ணீரைச் சோதிக்கச் சொட்டு மருந்து, குளோரின். எல்லாவற்றையும்விட முக்கியம் கம்பு. வலையையும் பிரஷையும் அதன் நுனியில்தான் மாட்டுவோம். இழுத்தால் நீளும், தள்ளினால் சுருங்கும், திருகினால் பூட்டிக்கொள்ளும். என் கம்பு முழுக்க நீண்டால் ஐந்து மீட்டர்.

குவெர்னவாக்கா ஊரில் என் முதலாளி தோன் அர்னுல்போவின் வீட்டுக் குளத்தைப் பத்தொன்பது வருஷம் பார்த்தேன். சனிக்கிழமைதோறும் தலைநகரிலிருந்து வருவார். அடியில் நாணயம் கிடந்தால் அதிலுள்ள கழுகு முத்திரைகூடத் தெரிய வேண்டும் என்பார். தெரியும். அந்தத் தண்ணீரில்தான் பியரைக் கொட்டுவார், சுருட்டை அணைப்பார். நான் கோபப்பட்டதில்லை.

போன மாதம் ஓர் இயந்திரம் வாங்கி வந்தார். ஆமை அளவு இருக்கும். நீல வயரை இழுத்துக்கொண்டு அடித்தரையில் ஊர்ந்து தானே சுத்தம் செய்யும். விருந்தாளிகள் எதிரில் என்னைக் கூப்பிட்டார்.

"டேய் நபோர், இங்க வா. இதுக்குப் பேரு வெச்சாச்சு. இதுவும் நபோர்தான். ஒன்ன மாதிரியே தரைய மோந்துக்கிட்டு அலையுது பாரு. ஆனா முட்டி வலிக்குதுன்னு மொனகாது."

"நல்ல பேருங்க, மொதலாளி."

"கோவமாடா?"

"எனக்கென்னங்க கோவம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாதக் கடைசியோடு நான் நின்றுகொள்ளலாம் என்றும் அந்தச் சிரிப்போடேயே சொன்னார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நபோர் என்றால் அதுதான். நான் வெறும் கிழவன். "கெழவா, நபோரத் தண்ணியில எறக்கு" என்பார் அவர் மனைவி தோன்யா மிரேயா.

இயந்திரத்தோடு வந்த விளக்கப் புத்தகத்தை நான் மட்டும்தான் படித்தேன். அது ஓடும்போது யாரும் குளத்தில் இறங்கக் கூடாது, வயர் காலில் சுற்றிக்கொள்ளும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

என் கடைசிச் சனிக்கிழமை மத்தியானம் தோன்யா சந்தைக்குப் போயிருந்தார். முதலாளி மெஸ்கால் சாராயம் குடித்துவிட்டு, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆழமான பக்கத்தில் குதித்தார். வயர் இரண்டு கணுக்காலையும் சுற்றிக்கொண்டது. நான் கரையில் நின்று காகிதப்பூ அள்ளிக்கொண்டிருந்தேன்.

"நபோர்!" என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும், "நபோர்! புடிடா!"

அந்த வீட்டில் அது யாருடைய பெயர் என்று உங்களிடம் முன்பே சொல்லிவிட்டேன், ஐயா. அந்த நபோர் அவர் காலடியிலேயே இருந்தது. கிழவா என்று கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேன்.

கம்பு எட்டவில்லை என்று உங்கள் போலீஸ் ஆட்களிடம் சொன்னேன். பொய்யில்லை. அவர் மூன்று மீட்டர் தூரத்தில் இருந்தார், கம்பு இரண்டு மீட்டர் இருந்தது. அது ஏன் இரண்டு மீட்டர் என்று அவர்கள் கேட்கவில்லை; நானே சொல்லிவிடுகிறேன். அவர் முதல்தடவை கூப்பிட்டபோது அது முழு நீளத்தில் என் கையில் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தள்ளிச் சுருக்கினேன். திருகிப் பூட்டினேன். எனக்குக் கோபமெல்லாம் இல்லை, ஐயா. குமிழி அடங்கியதும் மறுபடி ஐந்து மீட்டருக்கு நீட்டி, அவருக்கு மேலே மிதந்த பூக்களை அள்ளினேன்.