வாசலில் உதறிய சட்டை

அவையை நடத்தித் தரும் சங்கத் தலைவர் அவர்களே, அவர் அருகே அமர்ந்திருக்கும் பெரியோரே, ஆலைச் சங்குக்கு முன் எழுந்து அது அடங்கிய பின்னும் ஓயாத தாய்மார்களே, இந்தத் தெருவில் என்னோடு இருமி இருமி வளர்ந்த தோழர்களே, தோழியரே! எல்லோரையும் வணங்குகிறேன்.

கூரைத் தகடு செய்யும் நம் ஆலைக்குள் என் அம்மா ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனாலும் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்த் தூசி தின்ற நுரையீரலோடுதான் கண் மூடினார். ஆலைக்குப் போகாத அம்மாவைத் தேடி ஆலை எப்படி வந்தது?

அப்பாவின் சட்டையில் வந்தது!

தினமும் அந்தச் சட்டையை வாங்கி, வாசலில் நின்று படபடவென்று உதறுவார் அம்மா. "ஆலையையே சுமந்துக்கிட்டு வர்றீங்களே, அங்க ஏதாவது மிச்சம் வச்சீங்களா?" என்பார். "உனக்கு ஒரு கூரை போட வேணாமா? அதான் கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வர்றேன்" என்பார் அப்பா. இருவரும் சிரிப்பார்கள். தூசி வெயிலில் மினுமினுக்கும். சுத்தம் செய்வதாக நினைத்தோம், தாய்மார்களே! சுத்தம் செய்வதாக நினைத்துத்தான் இன்றும் வாசலுக்கு வாசல் உதறுகிறோம்!

என்ன கேட்கிறீர்கள், அண்ணா? "ஆலையை மூடிட்டா அடுப்பு எப்படி எரியும்?" என்றா? மூடச் சொல்ல நான் வரவில்லை. உள்ளே தூசியை அடக்கட்டும். குளிக்க அறை கட்டட்டும். வேலைச் சட்டையை அங்கேயே துவைக்கட்டும். அதுவரை ஒருவரும் வேலைக்குப் போவதில்லை என்று முடிவெடுக்கத்தான் இந்தக் கூட்டம்.

அம்மா போனபின் அப்பா என் பக்கத்தில் வருவதில்லை. கொல்லைக் குழாயில் தேய்த்துத் தேய்த்துக் குளித்தாலும் வெளியேதான் நிற்கிறார். ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டுகிறேன். "உள்ள வாங்கப்பா" என்றால், "வேணாம்மா. உங்கம்மாவுக்குக் கொண்டு வந்தது போதும்" என்கிறார். ஒரே வீடு; உள்ளே ஒருத்தி, வெளியே ஒருவர். இப்போதும் கடைசி நாற்காலிக்குப் பின்னால், சுவரோரம் தனியாக நிற்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார்.

பெற்ற பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்போது அப்பன் பின்வாங்க வேண்டுமா? பாசம் வரும் வழியில் நஞ்சும் வரலாமா? வரலாமா, தோழர்களே?

கூடாது என்பவர்கள் கையைத் தூக்குங்கள்! அப்பா, நீங்களும் தூக்குங்கள். போன அம்மாவுக்காக இல்லை. என் எதிரே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட.

காது கொடுத்த அனைவருக்கும் நன்றி. தலைவர் அவர்களே, கைகளை எண்ணும்போது சுவரோரத்தையும் பாருங்கள். வணக்கம்.