தொலைநோக்கிக்கு வைத்த பொட்டு

தாம்பரத்தில் ரயில் கிளம்பியதும் எதிர் இருக்கைப் பெண் பக்கத்தில் இருந்த தோழியிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நான் டெலஸ்கோப்புக்குப் பொட்டு வெச்சுட்டேன்."

நான் செல்போனை மடியில் கவிழ்த்தேன்.

"இன்னாடி சொல்ற?"

"மலை மேல பெரிய டெலஸ்கோப் ஒண்ணு கீது. அதுக்குப் புது கேமரா மாட்டறாங்க. கேமராவைத் தாங்குற வளையம் எங்க பட்டறையிலதான் செஞ்சோம். மூணு மாசம் வேலை. முடியளவு கூட வித்தியாசம் வரக்கூடாது. அனுப்புற அன்னிக்கு நான்தான் வளையத்துக்குச் சந்தனம், குங்குமம் வெச்சு, சூடம் காட்டி, பேக் பண்ணேன்."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? அங்க ஒரு தூசு படக்கூடாதாம். பெட்டியத் திறந்தா குங்குமம்! அவங்க போன்ல கத்துன கத்துல, இனிமே வேலையே தரமாட்டாங்கன்னு ஓனர் தலைல கைய வெச்சுகினு உக்காந்துட்டாரு. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல."

சானடோரியத்தில் நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

"அப்புறம்?"

"தொடச்சு மாட்டிப் பாத்திருக்காங்க. கச்சிதமா உக்காந்துச்சாம். நேத்து அடுத்த ஆர்டர் வந்துச்சுக்கா! இன்னும் ரெண்டு வளையம்!"

அக்கா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பல்லாவரம் வந்தது. சிரித்துக்கொண்டே இருவரும் எழுந்தார்கள்.

"ஆர்டர்ல கடைசி வரி இன்னா தெரியுமா? 'பொட்டைத் தயவுசெய்து பெட்டியின் மேல் மட்டும் வைக்கவும்.'"