நாய் இல்லாத வளவு

எனக்கு மூக்கு நல்லது. தெருவில் போகும்போதே எந்த வீட்டில் நெத்தலிக் கருவாடு பொரிகிறது, எந்த வீட்டில் சொதி அடிப்பிடிக்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆண்டவன் மற்றச் சாமான்களில் எல்லாம் கையைச் சுருக்கிவிட்டு மூக்கை மட்டும் தாராளமாக வைத்துவிட்டான் என்பாள் என் மனைவி.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், விசாரணை முடிவில் நீங்கள் ‘தெரியாமல் நடந்த தவறு’ என்று எழுதிவிடக் கூடாது சேர்.

பேர் போடாமல் என்மேல் வந்திருக்கும் மொட்டைப் பெட்டிசத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள். படுவான்கரையைச் சேர்ந்த அன்னப்பூரணி என்ற பெண்ணின் கொடுப்பனவு விண்ணப்பத்தை வழக்கத்துக்கு மாறான வேகத்தில் முடித்துக் கொடுத்தேன் என்பது ஒன்று. அதற்காக ஒரு மண்முட்டி தயிர் வாங்கினேன் என்பது மற்றது. இரண்டும் உண்மை. எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலை விரைவாக நடந்தால் விசாரிக்க ஆள் வரும் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். பிந்தினால் ஒருவரும் வருவதில்லை. அதனால் பிந்திய கதையையும் நானே சொல்லிவிடுகிறேன்.

நலன்புரி உதவிக்குத் தகுதியானவர்களைக் கணக்கெடுத்த காலத்தில், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்கள் எனக்கு விழுந்தன. பாதைப்படகில் மோட்டார்சைக்கிளை ஏற்றிக்கொண்டு அக்கரை போவேன். வீடு வீடாகக் கேள்வி கேட்டு, விடையைக் கையிலுள்ள டெப் கணினியில் பதிய வேண்டும். ஒரு கேள்வி அடுப்பைப் பற்றியது. ஒரே வளவுக்குள், ஒரே வேலிக்குள் இருந்தாலும் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர் தனிக் குடும்பம். ஒரே உலையில் சாப்பிட்டால் ஒரே குடும்பம். அப்போது ஒருவருடைய சொத்து எல்லோருடைய சொத்துமாகிவிடும்.

எங்கள் பக்கத்தில் இது சின்னக் கேள்வி அல்ல. இங்கே மகளைக் கட்டிக் கொடுக்கும்போது வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிடுவோம். பெற்றவர்கள் தாங்கள் கட்டிய வீட்டை விட்டு இறங்கி, அதே வளவில் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கிக்கொண்டு இருப்பார்கள். அன்னப்பூரணியம்மாவும் அப்படித்தான். புருஷன் இல்லை. இருந்த ஒரு கல்வீட்டை மகள் மேனுகாவின் பேருக்கு எழுதிவிட்டுப் பின்னால் தகரப் பத்தியில் இருந்தார். முதியோர் கொடுப்பனவுக்கு வயது காணாது. மருமகன் நிதுர்ஷன் லீசிங் கடனில் எடுத்த ஓட்டோ வாசலில் நின்றது.

நான் போன நேரம் நிதுர்ஷனின் தாயும் சொந்தக்காரரும் விருந்துக்கு வந்திருந்தார்கள். முன்குசினியிலிருந்து நாட்டுக்கோழிக் கறி மணத்தது. பின்பக்கமிருந்து தேங்காய்ப் பொச்சு எரியும் புகையும், தேங்காய்ப்பால் விடாத முருங்கையிலையும். கூட்டத்தைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது.

“என்னம்மா, ரெண்டு அடுப்பு மணக்குது? எந்த அடுப்பில எனக்குச் சாப்பாடு?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள், சம்பந்தியம்மாவைத் தவிர.

“பின்னால ஆருக்குப் புள்ள தனியச் சமையல்?” என்று மேனுகாவைக் கேட்டார் அவர்.

மேனுகா நிலத்தைப் பார்த்தாள். அன்னப்பூரணியம்மா முந்திக்கொண்டார்.

“அது நாய்க்குக் காய்ச்சுற மச்சாள். எங்களுக்கு எல்லாம் ஒரே உலைதான் தம்பி, எழுதுங்க. என்ட மகள் எனக்கு ஒரு குறையும் வெச்சதில்ல.”

நான் ‘ஒரே அடுப்பு’ என்று பதிந்தேன். கோழிக்கறியோடு சாப்பிட்டேன். புறப்படும்போது மோட்டார்சைக்கிளைத் திருப்பப் பின்வளவுக்குப் போனேன். மூன்று கல், ஒரு சின்னப் பானை, கழுவிக் கவிழ்த்த ஒரேயொரு தட்டு. அந்த வளவில் நாய் இல்லை.

மகளின் மானத்துக்காக ஒரு தாய் சொன்ன பொய்யை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. விருந்தாளிகள் இல்லாத இன்னொரு நாள் போய்க் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். இன்னொரு நாள் போவதென்றால் பாதைப்படகுக்கு வெயிலில் காத்து நிற்க வேண்டும் சேர்.

ஓட்டோவும் கல்வீடும் உள்ள குடும்பம் என்று அவருடைய விண்ணப்பம் தள்ளுபடியானது. அதை அறிந்து தனியாகப் புறப்பட்டு அலுவலகத்துக்கு வந்தார். என் மேசைக்கு முன்னால் இருந்து, குரலைத் தாழ்த்தி,

“தம்பி, நாய்க்கு எண்டு சொன்னது எனக்குத்தான்” என்றார்.

“தெரியும்மா. அந்த நாயை நானும் தேடிப் பாத்தனான்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நல்ல சிரிப்பு. பிறகு முந்தானையில் முடிந்திருந்த ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார்.

“ரெண்டு கண்ணிலயும் பிறசராம், உள்ளுக்க அழுத்தமாம். துளி மருந்து விட்டுக்கொண்டே இரிக்கோணுமாம். விடாட்டிப் போற பார்வை திரும்பி வராதாம். இஞ்ச மருந்து முடிஞ்சுதாம், வெளியில வாங்கட்டாம்.”

“மகளிட்டக் கேக்க ஏலாதா?”

“அவளே லீசிங் காசுக்குப் புருசனிட்ட ஏச்சு வாங்குறாள். நான் வேற கையை நீட்டினா, அந்தாளுகள் அவளைத்தான் நொட்டை சொல்லுவாங்க. அவளிட்ட மட்டும் ஒண்டும் கேட்டுப் போடாதீங்க தம்பி.”

மேன்முறையீட்டை எழுதிக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதற்கு இன்னும் காலம் இருந்தது. நான் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

“போயிட்டு வாங்கம்மா. வரும்.”

இந்த ‘வரும்’ பற்றி ஒரு வார்த்தை. எங்களிடம் வருகிறவர்களிடம் ‘இல்லை’ என்றால் அழுகிறார்கள். ‘வரும்’ என்றால் முகம் விடிகிறது. அழுகையைப் பார்க்க என்னால் ஏலாது. இளகிய மனம். அலுவலகத்திலேயே மக்களுக்குப் பிடித்த ஆள் நான்தான், வெளியில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

மேன்முறையீட்டை அனுப்பினால் வேறோர் உத்தியோகத்தர் அந்த வளவுக்குப் போவார். மேனுகாவைக் கூப்பிட்டுக் கேட்பார். மூன்று கல்லையும் படம் பிடிப்பார். அந்தத் தாய் யாருக்காகப் பொய் சொன்னாரோ அந்த மகளின் மானம் போகும். அதைத் தடுக்கத்தான் லாச்சியை மூடினேன். அந்த மூன்று கல்லும் உன் கணக்கெடுப்பில் ஏன் இல்லை என்று என்னையும் கேட்பார்கள்தான். அது அப்போது எனக்குத் தோன்றியதாக ஞாபகம் இல்லை. அந்த வருடம் மேன்முறையீடு ஆகக் குறைந்த பிரிவின் உத்தியோகத்தருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார்கள். அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது.

மேன்முறையீட்டுக்கான கடைசி நாள் லாச்சிக்குள்ளேயே கழிந்தது.

அன்னப்பூரணியம்மா மாதாமாதம் வந்தார். நான் மாதாமாதம் பகிடி விட்டேன்.

“அரசாங்கத்துக் காசு எருமையில ஏறி வருதம்மா. வழியில வாவியைக் கண்டதும் அது இறங்கிப் படுத்திட்டு.”

“எழும்பினா இந்தப் பக்கம் கலைச்சு விடுங்க தம்பி” என்பார்.

ஒருமுறை பஸ் காசும் என் பையிலிருந்து கொடுத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள்.

முதலில் எல்லாம் வாசலிலேயே என்னைக் கண்டு கையை உயர்த்துவார். பிறகு ஒரு தடவை, பக்கத்து மேசை றிஷாட்டின் முன்னால் போய் இருந்துகொண்டு, அவனை நானென்று நினைத்து மருந்தின் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். இருந்த ஒரு போத்தலை நாள்விட்டு நாள் விடுவதாகவும், இப்போது ஒரு கண்ணுக்கு மட்டும் விடுவதாகவும், மற்றக் கண்ணைக் காசு வந்தபிறகு பார்ப்பதாகவும் சொன்னார். றிஷாட் என்னைப் பார்த்தான். நான் கோப்பு ஒன்றைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் வாசலில் நிழலாடினால் நான் உரத்த குரலில் ஒரு பகிடி சொல்லத் தொடங்குவேன். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் கதிரை கதிரையாகத் தடவி என்னிடம் வந்து சேர்வார். என் பகிடிகளால் ஒரு மனிதருக்குக் கிடைத்த உருப்படியான பிரயோசனம் அதுதான்.

இனி, பெட்டிசம் எழுதியவருக்குத் தெரியாத சங்கதி.

பார்வை முழுதும் போகுமுன் ஒருநாள் அவர் கடைத்தெருவுக்குப் போகும் வழியில் என்னிடம் வந்தார். காதைத் தொட்டுக் காட்டினார்.

“இந்தத் தோட்டை ஈடு வைக்கப் போறன் தம்பி. கலியாணத்தில போட்டது, இதுதான் மிச்சம். கொஞ்சக் காலத்துக்கு மருந்து வாங்கிடலாம். என்ன சொல்றீங்க?”

மேன்முறையீட்டுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவருக்கு வருவதற்கு ஒன்றும் இல்லை. அது இந்த உலகத்தில் எனக்கும் லாச்சிக்கும் மட்டும் தெரியும். ‘போய் வையுங்கள் அம்மா’ என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்கு மறுமொழி சொல்ல வேண்டும். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும்.

“விசரா அம்மா உங்களுக்கு? ஈடு வெச்ச நகை ஆருக்குத் திரும்பி வந்தது? அடுத்த மாசம் காசு வருது. தோட்டைக் கழட்டாதீங்க.”

“உறுதியா வருமா தம்பி?”

“வரும்.”

அவர் கடைத்தெருவுக்குப் போகவில்லை. திரும்பிப் பாதைப்படகுக்குப் போய்விட்டார்.

கொஞ்சக் காலம் அவரைக் காணவில்லை. பிறகு மேனுகா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு கண்ணும் போய்விட்டதென்று டொக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மேனுகா அழுதுகொண்டே, “இவ்வளவு காலமும் எனக்கொரு சொல்லுச் சொல்லலயே சேர், சொல்லியிருந்தா என்ட சங்கிலிய வித்தெண்டாலும் வாங்கியிருப்பனே” என்றாள். தாயின் அடுப்பைப் பற்றியும் தானே சொன்னாள். ஒளிக்கவில்லை. நான் கேட்டிருந்தால் அன்றும் ஒளித்திருக்க மாட்டாள் போலிருந்தது.

பார்வையில்லாதவர்களுக்கான கொடுப்பனவு வேறு பிரிவு. அதில் அடுப்பைப் பற்றிய கேள்வி முக்கியமில்லை. இப்போது அன்னப்பூரணியம்மா சந்தேகத்துக்கு இடமில்லாமல் தகுதியானவர். நான் கோப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு மேசை மேசையாக நடந்தேன். கையெழுத்துப் போடாமல் எழும்ப விடவில்லை. வைத்தியச் சான்றிதழுக்கு நானே போனேன். படகுக்கு வெயிலில் நின்று, கிராம உத்தியோகத்தரின் வீட்டுக்கும் போனேன். “மச்சான், உனக்குக் காய்ச்சல் கீச்சலா?” என்றான் றிஷாட். அந்த வேகத்தைத்தான் நீங்கள் விசாரிக்கிறீர்கள்.

முதல் கொடுப்பனவு கிடைத்தபோது அவர் மகளோடு வந்தார். தயிர் முட்டியை மேசையில் வைக்கத் தடவினார். நான் பகிடி சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. என் மூச்சைக் கேட்டோ என்னவோ, சரியாக என் பக்கம் திரும்பினார்.

“நீங்க வருமெண்டு சொன்னீங்க. வந்திட்டு தம்பி. நீங்க இல்லாட்டி எனக்கு ஆரு?”

வாங்காவிட்டால் மனம் நொந்துபோவார் என்று வாங்கினேன். வீட்டில் கடிகாரத்துக்குக் கீழே இருந்து சீனி போட்டுச் சாப்பிட்டேன். நல்ல எருமைத் தயிர். தேங்காய்ப் பொச்சுப் புகை மணத்தது. அப்படி மணக்க நியாயமில்லை, கடையில் வாங்கிய தயிர். ஆனால் அன்றிலிருந்து நான் எதைச் சாப்பிட்டாலும் அது மணக்கிறது.

தயிருக்கு என்ன தண்டனையோ தாருங்கள். அதற்கு மேலே இதை எழுதிக்கொள்ளுங்கள்: மருந்து இருந்தது, அதை வாங்க வழியும் இருந்தது, அந்த வழியை என் வாயாலேயே மூடினேன். அந்தப் பார்வையை எடுத்தது நான். தெரிந்துதான் செய்தேன். கையெழுத்துப் போடத் தயார்.

ஆனால் ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதுங்கள் சேர். தயிரோடு அவர் என் முன்னால் நின்ற அன்றைக்கு இரண்டு காதிலும் தோடு மினுங்கியது. அதையாவது போகவிடாமல் காப்பாற்றிக் கொடுத்தவன் நான்.