மூன்று சாவிகளை மாற்றிக் கொடுத்த கோதண்டபாணியார்க்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த்துறையின் வழித்துணையே! வெள்ளத்தையும் வரிசையில் நிற்கச் சொன்ன வித்தகரே! குழப்பத்திலும் குணம் குன்றாத கோதண்டபாணியாரே! வணங்குகிறோம்.

இதோ, பணி நிறைவு விழாவில் பூமாலைச் சுமையில் முகம் மறைந்து அமர்ந்திருக்கும் எங்கள் வருவாய் ஆய்வாளர், நான்காண்டுக்கு முந்தைய கார்த்திகை வெள்ளத்தில் உட்கார இடமின்றி நின்றார். ஒலக்கூர்ப் பக்கம் பெய்தது, மழைமானியையே மயிலம் மலையடிவாரத்தில் கொண்டுபோய் ஒதுக்கிய மழை. ஏரியோரப் பள்ளி மாடியில் நிறைமாதப் பொன்னிக்கு வலி கண்டுவிட்டதென்று செய்தி வந்தது.

நிவாரண மையமான கல்யாண மண்டபத்திலோ, அதுவரை முகம் பாராத மூவர். கோட்டக்குப்பம் ஜமாஅத்தின் கலீல் ரஹ்மான் லாரியில் படகு கொணர்ந்தார். திண்டிவனத்துத் தேவாலய இளைஞர் ஆரோக்கியராஜ் ஆம்புலன்ஸ். வளவனூர் விவசாயச் சங்கத்து நெடுஞ்செழியன் டிராக்டர். படகை இறக்கினால் ஆம்புலன்ஸ் காத்திருக்குமா, டிராக்டர் சிக்கினால் இழுப்பவர் யார் என்ற ஐயம். "முதலில் நீங்கள்" என்ற மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. மீட்க வேண்டியோர் பட்டியல்களும் மூன்று, ஒன்றில் ஏரியே குடும்பத் தலைவர்.

எவரும் கோபித்துக் கிளம்பிவிடாதிருக்கச் வண்டிச் சாவிகளை ஆய்வாளர் தாம்பாளத்தில் வாங்கி வைத்திருந்தார். யாரை நம்புவது, யாரை அதட்டுவது, அதட்டத் தமக்கு அதிகாரம் உண்டா, ஒன்றும் விளங்கவில்லை. பொன்னியைப் பற்றி இரண்டாம் முறை ஃபோன் வந்ததும், பாராமலே ஆளுக்கொரு சாவியைத் திணித்தார். ஒன்றுகூட உரியவரிடம் சேரவில்லை.

"இன்னாங்க சார், என் லாரி சாவி அவரு கையில போயிடுச்சே?" என்றார் கலீல் ரஹ்மான்.

தவறு அப்போதுதான் ஆய்வாளருக்கே தெரிந்தது.

"இன்னொருத்தர் வண்டி உங்க கையில இருக்குதில்ல, பாய்? அத நீங்க பத்திரமா பார்த்துக்கங்க. உங்களுத அவரு பார்த்துக்கினு இருப்பாரு. ஜல்தி கிளம்புங்க."

தம் வண்டியை விட்டு ஓடவும் முடியாமல், பிறர் வண்டியைக் கீறவும் துணியாமல் மூவரும் சென்றார்கள். நெடுஞ்செழியன் லாரியை ஓட்டிப் படகை இறக்கினார். ஆரோக்கியராஜ் டிராக்டரில் பொன்னியைச் சேறு தாண்ட வைத்தார். ஆம்புலன்சில் கலீல் ரஹ்மான் காத்திருந்தார். மருத்துவமனை சேர்ந்த இருபதாம் நிமிடம் பெண் குழந்தை.

அது மதியூகமா, மதிமயக்கமா? கேட்டால், "எனக்கே புரியலைங்க" என்கிறார். மூவருக்கும் புரிந்திருக்கிறது போலும்; மாற்றுச்சாவியை இன்றும் மற்றவரிடமே விட்டுவைத்திருக்கிறார்கள். சென்ற மழையில் ஃபோன் ஒலிக்குமுன்பே வண்டிகள் போய்விட்டன. உரியவர்கள்தாம் வண்டியைக் காணோமென்று தெருத்தெருவாய்த் தேடினார்கள்.

ஐயா, இனித் தாம்பாளத்தை ஏந்துவது யாரென்று எங்களுக்கும் விளங்கவில்லை. நலமும் நல்லுறக்கமும் குறையாமல் நூறு மழைக்காலம் காண்பீர்களாக! இம்மடலை ஏந்தி வருபவள் பொன்னியின் மகள். அதன் கண்ணாடிச் சட்டகம் கனக்குமென்று அம்மூவரும் ஆளுக்கொரு முனை பிடித்திருக்கிறார்கள். நான்காம் முனை உங்களுக்கு.

அன்பும் குழப்பமும் மாறாத,
அலுவலக ஊழியர்கள்